யன்னலை நான்கு விரல் திறந்து வையுங்கள்

(2021 மாரிகாலத்தில் எழுதிய கடிதம்)

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொவிட் தொற்றுக்காகப் போட்ட தனிமைப்படுத்தல் ஊரடங்கு 2021 ஒக்டோபர் 1 ஆம் திகதி நீங்கியது. மாகாணங்களுக்கு இடையிலான பயணத் தடையும் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. பஸ் ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை நடக்கிறது. என்றாலும் மூதூர், வெருகல், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில் திருகோணமலை நகருக்கு ஒருநாள் போய்வர மனம் வராமல் வீட்டோடு இருப்பவர்கள் இன்னும் பலர். சீனி வருத்தம், பிரஷர் கிளினிக் திகதிகள் தவறுகின்றன. பல்வலி மாதக் கணக்கில் பனடோலில் ஓடுகிறது. அடகு நகைக்கு வட்டி ஏறுகிறது. முதல்நாள் இரவு நித்திரையில்லை. விடிந்ததும் "இண்டைக்கு வேணாம், அடுத்த கிழமை பாப்பம்" என்று முடிகிறது.

இந்தப் பதகளிப்பை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. 2020 மார்ச் தொடங்கி இருபது மாதமாக "வெளியே வராதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மனம், ஒரு காலையில் "இனிப் போகலாம்" என்றதும் உடனே திரும்பிவிடாது. "பயப்பிடாதீங்க, ஒண்டும் நடக்காது" என்று தட்டிக் கொடுப்பதால் அது போகாது. "கவனம், கவனம்" என்று ஓயாமல் சொன்னால் இன்னும் கூடும். எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆளில்லை. பொதுச் சுகாதாரத்திலும் உளவளத்துணையிலும் வேலை செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து அதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கடிதம். குறைக்காமல் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் காற்று. இந்தக் கிருமி பரவும் முக்கிய வழி, ஒருவர் வெளிவிட்ட மூச்சை இன்னொருவர் உள்ளே இழுப்பது. பேசும்போதும் இருமும்போதும் சும்மா மூச்சு விடும்போதும் வரும் நுண்ணிய துளிகள் மூடிய அறையில் புகைபோல மிதந்து நிற்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் ஒரு மீற்றருக்கு அப்பாலும் தொற்றலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரலில் தன் விளக்கத்தில் சேர்த்தது. அதே ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000 இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. எங்கள் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். வாங்கிவந்த வெங்காயத்தை டெட்டோலில் கழுவுகிறோம், காசுத் தாளுக்குச் சனிடைசர் அடித்து வெயிலில் காயவைக்கிறோம், செருப்பைக் கொதிநீரில் போடுகிறோம். ஆனால் வந்த வழியில் கண்ணாடி மூடிய பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறோம். மனத்தில் இருக்கிற கவனம் அளவானது. அதை வெங்காயத்தில் செலவழித்தால் பஸ்ஸுக்கு மிச்சமிருக்காது. (உணவுப் பொருளைச் சவர்க்காரத்திலோ கிருமிநாசினியிலோ கழுவுவது வயிற்றுக்கும் கூடாது. ஓடும் தண்ணீர் போதும்.)

ஆகவே பயத்தின் பெரும் பங்கைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். அங்கே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எங்கள் பஸ்களின் யன்னலில் இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். நடுவில் இருக்கும் சிறு பிடியைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். இழுத்தும் வராவிட்டால் பெரும்பாலும் கண்ணாடி ஓடும் கீழ்த் தவாளிப்பில் மணல் இறுகியிருக்கும். பலங்கொண்டு இழுக்காமல், கண்ணாடியைச் சற்று மேலே தூக்கி இழுத்தால் நகரும். முன்னால் ஒன்று, பின்னால் மறுபக்கத்தில் ஒன்று என்று திறந்திருந்தால் காற்று பஸ்ஸைக் குறுக்கறுத்து ஓடும். உங்கள் பக்கத்து யன்னலை மட்டும் திறந்தால் முகத்தில் காற்று அடிக்கும், ஆனால் பஸ்ஸுக்குள் தேங்கிய காற்று அங்கேயே சுற்றும். இது மாரிகாலம். முதல் துளி விழுந்ததும் முழு பஸ்ஸும் படபடவென்று கண்ணாடியைச் சாத்துவது வழமை; ஆபத்துக் கூடுவது அந்த நேரத்தில்தான். மழை அடிக்கும் பக்கத்தை மூடுங்கள், மறுபக்கத்தை நான்கு விரல் அகலத்துக்கு, ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்குத் திறந்து வையுங்கள். பஸ் ஓடும்போது அந்த இடைவெளியால் மழை அதிகம் உள்ளே வராது. முழங்கை நனைந்தால் நனையட்டும், ஒரு துவாய் கொண்டுபோனால் போதும். பக்கத்தில் இருப்பவர் மூடச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். "தலைச்சுத்து வருது, கொஞ்சம் திறந்திருக்கட்டும்" என்றால் அனேகமாக யாரும் மறுப்பதில்லை.

கொழும்புக்கு ஓடும் குளிரூட்டிய பஸ் வேறு கதை. ஆறேழு மணித்தியாலம் அடைபட்ட காற்று, இடையில் முகக்கவசம் கழற்றிச் சாப்பாடு. பதகளிப்பு உள்ளவர் முதல் பயணமாக அதைத் தெரிவு செய்ய வேண்டாம். ஓட்டோவில் மழைக்குத் தொங்கும் பொலித்தீன் திரையை ஒரு பக்கமாவது சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

முகக்கவசம் போடாதவர்கள் இந்த 2021 இல் குறைவு. சரியாகப் போடுகிறவர்கள் அதைவிடக் குறைவு. மூன்று அடுக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசத்தில் கம்பி உள்ள விளிம்பு மூக்குப் பக்கம், நிறம் உள்ள பக்கம் வெளியே, மடிப்புகள் கீழ்நோக்கி வர வேண்டும். மேல்நோக்கி இருந்தால் தூசியும் ஈரமும் மடிப்பில் தங்கும். கம்பியை ஒரு விரலால் நடுவில் அமத்தினால் கூராக மடிந்து இரு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கைச் சுட்டுவிரல்களையும் மூக்குத்தண்டின் நடுவில் வைத்து இரு கன்னத்தை நோக்கி ஒரே நேரத்தில் தடவிக் கொண்டுபோக வேண்டும். கன்னத்தோரம் வாய் திறந்ததுபோல நிற்கிறதா? காது நாடாவை முகக்கவசத்தின் மூலையோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பிதுங்கும் ஓரத்தை உள்ளே மடித்து விடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு: கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்விளிம்பால் மூச்சு ஒழுகுகிறது, கம்பியைத் திரும்ப அமத்த வேண்டும். இரண்டு போட விரும்பினால் உள்ளே சத்திரசிகிச்சைக் கவசம், மேலே அதை முகத்தோடு இறுக்கும் துணிக்கவசம். சத்திரசிகிச்சைக் கவசம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டாலும் இடைவெளி அடைபடாது. முன்னால் வால்வு உள்ளது உங்கள் மூச்சை வடிக்காமல் வெளியே விடும், மற்றவருக்குப் பாதுகாப்பில்லை.

ஒருநாள் பயணத்துக்கு மூன்று எடுத்துப் போங்கள். போகும்போது ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, மழையில் நனைந்தால் ஒன்று. நனைந்த கவசத்தால் மூச்சு இழுப்பது கடினம், காற்று ஓரத்தால்தான் புகும். கழற்றியதைத் திரும்பப் போடுவதென்றால் காகித உறையில் வையுங்கள். நாடிக்குக் கீழே இழுத்து விடுவது, பொக்கற்றில் சுருட்டுவது இரண்டும் வேண்டாம்.

இனி உடம்பு. "முகக்கவசம் போட்டா மூச்சு முட்டுது, ஒட்சிசன் குறையுது" என்பதை அடிக்கடி கேட்கிறோம். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுகருவியால் இதை யாரும் பார்த்துக்கொள்ளலாம்: சுவாச நோய் இல்லாத ஒருவர் கவசத்தோடு அரைமணி இருந்தாலும் அளவு பெரும்பாலும் 95 இற்குக் குறையாது. மூச்சு முட்டுவதாகத் தோன்றுவது பொய்யில்லை, ஆனால் காரணம் வேறு. பயம் வந்ததும் நாம் அறியாமலே வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு எடுக்கிறோம். அப்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறையும். விரல் நுனியும் உதடும் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். "காத்துப் போதாது" என்று இன்னும் வேகமாக இழுத்தால் இன்னும் கூடும். இதை உடைக்க வழி, வெளிமூச்சை நீட்டுவது. வாயை மூடி, மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் மாறாதது போலிருக்கும். அதில்தான் பலர் கைவிட்டு விடுகிறார்கள்.

தண்ணீரைப் பற்றி, முக்கியமாகப் பெண்களுக்கு. பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலை தொடங்கி ஒரு மிடறும் குடிக்காமல் வருகிறார்கள். மத்தியானம் தலையிடி, களைப்பு, படபடப்பு. அதைக் காய்ச்சலின் தொடக்கம் என்று எண்ணிப் பயம் இரட்டிப்பாகிறது. கழிப்பறைக்குள் கவசத்தோடு போய், இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே வந்து, கையைச் சவர்க்காரத்தால் 20 செக்கன் கழுவினால் ஆபத்துச் சிறிது. ஒன்றரை லீற்றர் போத்தல் கொண்டுவந்து சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் வயிற்றில் சாயம் கூடின பிளேன்ரீ நெஞ்சை அடிக்க வைக்கும். புறப்பட முன் ஏதாவது சாப்பிடுங்கள். வாசலில் நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடக் காட்டும். நிழலில் பத்து நிமிடம் நின்று திரும்பப் பிடிக்கச் சொல்வது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிகவும் பயந்தவர்கள் நேரே முழுநாள் பயணத்துக்குப் போகக் கூடாது. போகாமலே இருப்பதும் கூடாது. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அந்த நேரத்துக்கு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைப் பெருப்பிக்கிறது. படிப்படியாக வாருங்கள். முதல் நாள் வீட்டு விறாந்தையில் கவசத்தோடு இருபது நிமிடம் இருந்து, கதைத்து, மாடிப்படியோ முற்றமோ ஏறி இறங்குங்கள். பிறகு சந்திவரை நடந்து, கூட்டமில்லாத நேரம் இரண்டு பஸ் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்தது நாலைந்து தரிப்பிடம் தள்ளி இறங்கித் திரும்புவது. அதற்குப் பிறகு நகருக்கு ஒரே ஒரு வேலைக்காக, ஒரு மணித்தியாலத்துக்கு. ஒவ்வொரு படியையும் இரண்டு மூன்று முறை செய்து, பயம் பத்துக்கு எட்டு என்று இருந்தது நான்குக்கு இறங்கிய பிறகே அடுத்த படி.

இதில் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. பயத்தின் உச்சம் அனேகமாகப் பத்து நிமிடத்தில் வந்துவிடும், பிறகு தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸை நிறுத்தி இறங்கினால், இறங்கியதால்தான் தப்பினேன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த பயணம் இன்னும் கடினம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்கக் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுங்கள். கிண்ணியாப் பாலத்தில் வருகிறீர்கள் என்றால் தெரிகிற ஐந்து பொருளை மனத்துக்குள் சொல்லுங்கள்: தோணி, வலைக்கம்பு, கொக்கு, பாலத்துக் கைப்பிடி, முன்சீற்றுக் குழந்தையின் தொப்பி. பிறகு தொடுகிற நான்கு, கேட்கிற மூன்று. கூட வருகிறவர் "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லாமல், "தொப்பி என்ன நிறம்?" என்று கேட்டால் கூடுதல் உதவி.

நாளைத் தெரிவு செய்வதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ஓய்வூதியம் வருகிற 10 ஆம் திகதியை அண்டியும் மாதக் கடைசிச் சம்பள நாட்களிலும் வங்கியும் மத்திய வீதிக் கடைகளும் நெரியும். காலை ஆறரை தொடங்கி எட்டரைவரை பஸ்ஸில் அலுவலகக் கூட்டம். அவசரமில்லாதவர் ஒன்பது மணிப் பஸ்ஸில் வரலாம். வேலைகளைக் காகிதத்தில் எழுதி, மூடிய அறையில் நடப்பவை எவை, வெளியில் நடப்பவை எவை என்று பிரியுங்கள். வங்கி, பார்மசி போன்ற மூடிய இடங்களில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் கணக்கு. படிவத்தை வீட்டிலே நிரப்பி, சொந்தப் பேனை, சில்லறைக் காசு, அடையாள அட்டையின் பிரதி எல்லாம் கையில் வைத்திருந்தால் கவுண்டரில் பத்து நிமிடம் மிச்சம். மீன் சந்தை திறந்த இடம், ஆனால் விலை பேசும்போது முகத்தோடு முகம் நெருங்குகிறோம், கூவுகிறோம். அங்கே ஒரு எட்டுத் தள்ளி நின்று பேசுங்கள்.

சாப்பாட்டு நேரம்தான் ஒருநாள் பயணத்தின் மிகவும் பலவீனமான இடம். முகக்கவசம் கழற்றி, எதிரும் புதிருமாக இருந்து, கதைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கடையில் மின்விசிறி சுழல்கிறதே என்றால், அது உள்ளிருக்கும் காற்றையே சுற்றுகிறது, வெளியே தள்ளுவதில்லை. திருகோணமலையில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது: பார்சலை வாங்கிக்கொண்டு டச்சு விரிகுடாக் கடற்கரைக்கோ உட்துறைமுக வீதிக் கரைக்கோ போய்விடலாம். கடற்காற்றில் இரண்டு மீற்றர் தள்ளி இருந்து சாப்பிட்டால் பயப்பட அதிகமில்லை. (பார்சலைத் தேடி மான்கள் வரும், சொப்பிங் பையைத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள்.) மழையென்றால் கதவும் யன்னலும் திறந்த கடையில் ஓரத்து மேசை, பேச்சைக் குறைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எழும்புவது.

சனிடைசரில் மதுசாரம் 60 வீதத்துக்குக் குறையக் கூடாது. போத்தலில் அளவு எழுதியில்லாததை வாங்க வேண்டாம். உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றி, விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி எல்லாம் படத் தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும், இருபது முப்பது செக்கன் ஆகும். இரண்டு துளி விட்டு உடுப்பில் துடைப்பதில் பயனில்லை. கோணேசர் கோயிலுக்கோ பத்திரகாளி அம்மன் கோயிலுக்கோ போகிறவர்கள் கை காயமுன் கற்பூரத்தின் அருகே போகாதீர்கள். மதுசாரத்தில் பற்றும் நெருப்பு பகலில் இலகுவில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, உடுப்பை மாற்றினால் போதும். ஆவி பிடிப்பது தொற்றைத் தடுக்காது, சுடுதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுதான் மிச்சம். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதென்றால் குடியுங்கள், அதைக் குடித்ததற்காகக் கவசத்தைக் கழற்றாதீர்கள். தொற்றியிருந்தால் அறிகுறி 2 தொடங்கி 14 நாளுக்குள் தெரியும். அதற்காக மணிக்கொரு தடவை வெப்பமானி வைப்பது பயத்துக்குத் தீனி போடுவதாகும். காலையும் மாலையும் ஒரு தடவை பாருங்கள். 38 பாகை செல்சியஸ், பரனைட்டில் 100.4, அதற்கு மேல் என்றால் காய்ச்சல். பதகளிப்பில் வரும் மூச்சுமுட்டு நிமிடங்களில் வந்து, மனம் வேறு வேலைக்குப் போனால் குறையும். நோயில் வருவது நடந்தால் கூடும். இருமலும் காய்ச்சலும் கூட இருக்கலாம், மணம் தெரியாமல் போகலாம். ஒட்சிசன் அளவு 94 இற்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அளவு பார்க்கும் விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு கிழமை கடந்தவருக்குத் தொற்று வரலாம், ஆனால் கடுமையாகும் வாய்ப்பு மிகவும் குறைவு. போடாதவர் பயணத்தை அதற்குப் பிறகு வைப்பது நல்லது.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. அதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 2020 ஏப்ரல் தொடங்கி 2021 பெப்ரவரி முடிவுவரை கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக இருந்தது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை, இறந்தவரை அடக்கம் செய்யும் முஸ்லிம் மக்கள் வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வயதானவர்கள் வைத்தியசாலை வாசலை மிதிக்கவே அஞ்சினார்கள். சட்டம் மாறியது; மனத்தில் விழுந்தது அவ்வளவு விரைவில் மாறவில்லை. கோயிலடி வீடுகளிலும் வேறு விதமாக இதே கதைதான்: தொற்று வந்த வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவித்தல், அயலின் பார்வை, பிள்ளையின் கலியாணப் பேச்சு. இந்த அச்சங்களுக்கு முகக்கவசம் மருந்தாகாது. வீடு தேடிப் போகும் குடும்பநல மாதுவும் பள்ளிவாசல், கோயில் நிருவாகத்தினரும் நேரில் உட்கார்ந்து கதைக்க வேண்டும். பயத்தால் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையோ சாப்பாடோ கெட்டவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம், மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் வரலாம்.

பொறுப்பானவர்களிடம் கேட்பது மூன்று விடயம். கிளினிக் கொப்பியில் திகதியோடு மணியையும் எழுதுங்கள். எல்லோரையும் ஏழு மணிக்கு வரச்சொல்லி ஒரே விறாந்தையில் பதினொரு மணிவரை இருத்துவதால்தான் "ஆஸ்பத்திரிக்குப் போனா வருத்தம் வரும்" என்ற பேச்சு நிற்கிறது. இருபது பேருக்கு ஒரு மணித்தியாலம் என்று பிரித்தால் அதே மருத்துவர் அதே வேலையைத்தான் செய்வார், வாங்கில் மட்டும் இடம் இருக்கும். இரண்டாவது, 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்களே, அதை நடக்கமுடியாதவர்களுக்காவது தொடருங்கள்.

மூன்றாவது பஸ் உரிமையாளர்களுக்கும் பஸ் சாலை (டிப்போ) முகாமையாளர்களுக்கும். திறக்க வராத யன்னல் ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு மூன்று இருக்கிறது. தவாளிப்பில் இறுகிய மணலைப் பழைய பல்பிரஷ்ஷால் தட்டி எடுத்து, மெழுகுதிரித் துண்டு ஒன்றை நீளத்துக்குத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், அது திரும்பவும் மணலைப் பிடிக்கும். ஒரு பஸ்ஸுக்கு அரை மணித்தியால வேலை. மழை இனித்தான் கடுக்கப் போகிறது.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார, உளவளத்துணைப் பணியாளர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.